வானகரத்தில் வெடித்த இட்லி மாவு

வாடிக்கையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பார்கள். நானும் கேட்டேன். கொஞ்சம் குறைவாகக் கேட்டிருக்கலாம்.

மேனாம்பேட்டில், வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்த புதிது. வானகரத்தில் இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புதான் என் முக்கால்வாசி வியாபாரம். மாவை யாரும் குறை சொல்லவில்லை, கவரைத்தான் சொன்னார்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கவர், போகிற வழியெல்லாம் ஒழுகியது. ஓர் அம்மாவின் கைப்பைக்குள் ஒழுகி, "என் செல்போன்லயே இட்லி ஊத்தலாம் போலிருக்கு" என்று அவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். குடியிருப்பின் செயலாளர் சுந்தரம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு ஒழுகாத பாக்கெட்டோட வாங்கம்மா. இல்லேன்னா வேற கடை பார்த்துக்கலாம்னு எல்லாரும் பேசறாங்க."

அவர்கள் போய்விட்டால் கிரைண்டரில் துணிதான் துவைக்க வேண்டும் (என் கணவர் மரியதாஸ் சொன்ன ஆறுதல் இது). உடனே பாக்கெட் ஒட்டும் மெஷின் வாங்கினேன். கனமான கவர், நாலு பக்கமும் சீல். எறும்பு மூச்சு விடக்கூட இடமில்லை. தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். ஒரு சொட்டு வரவில்லை. பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பே வந்துவிட்டது.

(மாவு புளித்தால் பொங்கும் என்று தெரியாதா என்று கேட்காதீர்கள். தினமும் அதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு மட்டும் மறந்து தொலைத்தேன்.)

மே மாத வெயில். மரியதாஸ் ஸ்கூட்டர் ஓட்ட, மாவுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மீட்டிங் அறையில் கார் பார்க்கிங் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பாக்கெட்டுகளை ஜன்னலோர மேசையில் அடுக்கிவிட்டு உட்கார்ந்தோம். சண்டை முடிவதாக இல்லை. வெயில் நேராக மேசைமேல் விழுந்தது.

மரியதாஸ் என் காதைக் கடித்தார். "இன்னா ஸ்டெல்லா, பாக்கெட்டு தலகாணி மாதிரி உப்பிக்கினு கீது?"

"சும்மா இருங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு."

"அழகா? எனக்கு பயமா கீது. வா, தூக்கினு ஓடிரலாம்."

அதற்குள் சுந்தரம் சார் வந்து ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தார். "என்னம்மா இது, சிப்ஸ் பாக்கெட் மாதிரி இருக்கு?"

"நைட்ரஜன் பேக்கிங் சார்" என்றேன். (வேதியியலில் நான் எடுத்த மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை.) "என்ன பண்ணாலும் ஒழுகாது. நீங்களே அமுக்கிப் பாருங்க."

நல்ல மனிதர், நம்பினார். இரண்டு கையாலும் அமுக்கினார்.

ஒழுகவில்லை. வெடித்தது.

சாரின் கண்ணாடி, மீசை, கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை எல்லாம் மாவு. மேலே தெறித்ததை மின்விசிறி வாங்கி, பார்க்கிங் சண்டையில் இரண்டு கட்சிக்கும் பாரபட்சமில்லாமல் பரிமாறியது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. மரியதாஸ் ஓடிப்போய்க் கைக்குட்டையால் சாரின் தலையைத் துடைத்தார்.

"ஒண்ணியும் ஆவாது சார். வெந்தயம் போட்ட மாவு. முடிக்கு நல்லது."

சாருக்கு முழு வழுக்கை.

பின்வரிசையில் ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சாரின் மனைவி.

"கல்யாணமானதிலேர்ந்து இவரை யாராலயும் பேச்சை நிறுத்த வைக்க முடியல. உங்க மாவு நிறுத்திடுச்சு" என்று முன்னால் வந்து, கணவரின் தோளிலிருந்து விரலால் வழித்து முகர்ந்தார். "நல்லாத்தான் புளிச்சிருக்கு. எனக்கு ரெண்டு பாக்கெட் குடுங்க."

செயலாளர் வீட்டிலேயே வாங்கிய பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். சார் கடைசியாக வாய் திறந்தார்: "மேல ஒரு ஓட்டை போடுங்கம்மா." சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றிலிருந்து ஓட்டை போட்டுத்தான் விற்கிறேன். வானகரமும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் மரியதாஸ் இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுப்பதில்லை. ஆரம்பத்தில் அவர் சொன்ன கதையில் மாவு மின்விசிறி வரை போனது. அடுத்து ஜன்னலைத் தாண்டியது. போன கிறிஸ்துமஸுக்கு வந்த என் தங்கை குடும்பத்திடம், மதுரவாயல் பைபாஸில் போன லாரி ஒன்று வைப்பர் போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. வெடித்தது என் மாவல்லவா.