என் மூக்குக்கு ஓர் ஆள்

அன்று நடந்தது, வரிசையாக:

1. எனக்கு வலிப்பு வந்ததுபோல் நடித்தேன்.
2. வலிப்பு வரவில்லை.
3. வலிப்புக்கான மருந்து மட்டும் என் மூக்குக்குள் வந்துவிட்டது.
4. மூன்று மணி நேரம் தூங்கினேன். அதுவும் வீட்டு ஓனர் ஹாலில், வாயைத் திறந்துகொண்டு.

எல்லாவற்றுக்கும் காரணம் நான் எழுதிய ஒரு தாள்.

மருந்துக் கம்பெனியில் தரச் சோதனை என் வேலை. நெல்லித்தோப்பில் மாடியில் ஒற்றை அறை. எப்போதாவது வலிப்பு வரும். வந்தால் அடிக்க, டாக்டர் ஒரு மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். மூக்கின் உள்தோல் மருந்தை உறிஞ்சி, சில நிமிடங்களில் மூளைக்குச் சேர்த்துவிடும். ஊசி தேட வேண்டாம், கிட்டிப்போன பல்லைத் திறக்க வேண்டாம். ஒரே ஒரு குறை: வலிப்பில் கிடப்பவள் தானே அடித்துக்கொள்ள முடியாது.

"கூட யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர்.

போனில் இருந்த பெயர்களைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், கேபிள்காரர், ஆபீஸ் ரிசப்ஷன். மூன்று வருடத்தில் இந்த ஊரில் சேர்த்த சொந்தம் அவ்வளவுதான். "இருக்காங்க டாக்டர்" என்றேன்.

அம்மாவிடம் அந்தப் பொய் எடுபடவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு ஆள் பேரு சொல்லு. இல்லன்னா வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துடு."

சனிக்கிழமை காலை கீழ்வீட்டு ஓனர் ஸ்டெல்லா அக்காவின் கதவைத் தட்டினேன். (தண்ணீர் மோட்டார் தவிர வேறு விஷயத்துக்கு நான் தட்டியது அதுவே முதல் தடவை.) கையில் தாள், தாளில் எனக்கு வலிப்பு வந்தால் செய்ய வேண்டிய ஏழு விதிகள். ஐந்தாவது: 'நான் ஏதாவது உளறினால் காதில் வாங்க வேண்டாம்.'

"ஒரு ஒத்திகை பாத்துடலாம் அக்கா. ஸ்பிரேய மூக்குகிட்ட கொண்டாந்தா போதும், அழுத்தாதீங்க."

தரையில் படுத்துக் கைகாலை உதறினேன். (எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.) அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் உள்ளே வந்தார்.

"மாதாவே! மாடிப் பொண்ணுக்கு என்னாடி ஆச்சு?"

"சும்மா இருய்யா, நடிக்குது."

"நடிப்பா? வாயி கோணிக்கிச்சு பாரு!" என்று கேட் சாவிக் கொத்தை என் உள்ளங்கையில் திணித்தார். (இரண்டாவது விதி: கையில் சாவி, இரும்பு எதுவும் கொடுக்கக் கூடாது.)

அக்காவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "நெசமாவே வந்துடுச்சா?"

"இல்லக்கா, நடிப்புதான்!" என்று அலறினேன்.

அக்கா நிதானமாகத் தாளைப் பார்த்தார். "அஞ்சாம் நம்பர். உளறுது. காதுல வாங்கக் கூடாது."

"அக்கா, வேணாம்..."

"தலையப் புடிய்யா!"

இரண்டு துளையிலும் அடித்தார். தொண்டைவரை கசந்தது. அளவு சரி. ஆறாம் விதிப்படி ஒருக்களித்தும் படுக்க வைத்தார்கள். தரச் சோதனையில் இவ்வளவு பிழையில்லாத வேலையை நான் பார்த்ததில்லை.

விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. தலைக்கடியில் தலையணை, கையில் அதே சாவிக் கொத்து. பக்கத்தில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். அடுப்பே பற்றவைக்கவில்லை. ஏழாவது விதி: 'பக்கத்தில் இருந்து மூச்சைக் கவனிக்கவும்.'

"இவ்ளோ நேரமா இங்கியேவா இருந்தீங்க?"

"எவ்ளோ நேரம்னு நீ தாள்ல போடலியே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. (மருந்து எரிச்சல் என்று சொல்லிவைத்தேன்.)

அம்மாவிடம் பெயர் சொல்லிவிட்டேன். இன்றும் நான் மாடியில் தும்மினால், "அஞ்சாம் நம்பரா?" என்று கீழேயிருந்து அந்தோணி அண்ணன் குரல் கொடுக்கிறார். அந்த விதியைத் திருத்திவிட்டேன். புது ஸ்பிரே என் அறைக் கதவோர ஆணியில் ஒரு பையில் தொங்குகிறது, இதுவரை தேவைப்படவில்லை. அறையின் இன்னொரு சாவி ஸ்டெல்லா அக்காவிடம் இருக்கிறது.