மாதுளையடியில் சைகோன் பூ

அல்வா டின்னின் மேல் மூடியாகக் கவிழ்த்திருந்த தட்டு, கௌஸ் பாஷாவின் கை பட்டதும் சரிந்து விழுந்து ஐந்து துண்டானது.

சாதாரணத் தட்டாக இருந்தால் அல்வாவைத் தின்றுவிட்டுத் தன் இரும்புக்கடைக்குப் போயிருப்பார். இது சைகோன் தட்டு. மனைவி மெஹர் நிஷாவின் அத்தா வியட்நாமிலிருந்து கப்பலில் கொண்டுவந்து மகளுக்குச் சீராகக் கொடுத்த பன்னிரண்டு நீலத் தட்டுகளில் ஒன்று. விசேஷத்துக்கு மட்டும் மரப்பெட்டியிலிருந்து வெளியே வரும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று மெஹர் நிஷா வில்லியனூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

போதாததற்கு அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பைத் தொட்டால் தொலைந்தீர்கள் என்று டாக்டர் மெஹர் நிஷாவை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். தட்டு எப்படி உடைந்தது என்று எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு அல்வாவில்தான் போய் முடியும்.

துண்டுகளைப் பொறுக்கினார். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அல்வாவோ என்று நக்கிப் பார்த்தார். இனிக்கவில்லை.

மெஹர் நிஷா அரியாங்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள்தான் வருவாள். கௌஸ் பாஷா துண்டுகளை மாதுளை மரத்தடியில் புதைத்தார். அரை மணி நேரத்தில் கோழி கிளறி வெளியே போட்டது. குனிந்து பொறுக்கும்போது வீட்டு வேலை செய்யும் அம்சவள்ளி வந்து நின்றாள்.

"இன்னா பாய் பண்றீங்க?"

"பூ போடறேன்" என்றார் அவர். வாயில் வந்தது அதுதான்.

சொல்லிவிட்டதால் போட வேண்டியதாயிற்று. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் தோட்டத்தில் உடைந்த பீங்கானைச் சிமெண்டில் பதித்த பெஞ்சு ஒன்றைப் பார்த்திருந்தார். குளியலறை கட்டி மிஞ்சிய சிமெண்டு இருந்தது. நடுவில் சைக்கிள் மணியின் மூடி, சுற்றிலும் நீல இதழ்கள், இடையிடையே வளையல் துண்டு, சோடா பாட்டில் கோலி, வீராம்பட்டினத்துக் கிளிஞ்சல். மரத்தடியில் பூ மலர்ந்துவிட்டது. பார்க்க நன்றாகவே இருந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

மறுநாள் வந்த மெஹர் நிஷா அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்சவள்ளியைப் பார்த்தாள்.

"இந்த நீலம் எங்க கெடச்சுது?"

"பழைய சாமான்காரன்கிட்ட" என்றார் கௌஸ் பாஷா.

"அழகாத்தான் இருக்கு. ஒத்தப் பூவா நிக்குதே! வெள்ளிக்கிழம நம்ம மக ரசியாவப் பொண்ணு பாக்க பாகூர்லேர்ந்து வராங்க. அதுக்குள்ள இதே நீலத்துல இன்னும் ரெண்டு போட்டுடுங்க."

அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பாவம், இருமல் போலிருக்கிறது என்று கௌஸ் பாஷா நினைத்தார்.

புதுச்சேரி மார்க்கெட்டை இரண்டு நாள் சலித்தார். கடலூர் வரைக்கும் போய் வந்தார். பச்சை கிடைத்தது, சிவப்பு கிடைத்தது, சேவல் போட்ட தட்டு கிடைத்தது. அந்த நீலம் மட்டும் இல்லை. கடைசியில் மரப்பெட்டியைத் திறந்து, இரண்டு தட்டை எடுத்துச் சாக்கில் சுற்றி, கடைச் சுத்தியலால் தட்டினார். அவர் மனசும் கூடவே உடைந்தது.

பூக்களைப் பார்த்து மெஹர் நிஷா கண்ணை அகல விரித்தாள். "நெசமாவே கெடச்சுதா?"

"தேடினா கெடைக்காதா?"

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுத் தையலம்மாள் வந்தாள். கரும்பு போடும் குடும்பம். "எங்க வூட்டுத் துளசி மாடத்துக்கும் இந்த மாதிரி பண்ணித் தரச் சொல்லு மெஹரு."

"அதுக்கின்னாக்கா! அந்தச் சாமான்காரன் இவருக்கு நல்லாப் பழக்கம். நாலு பக்கமும் போடச் சொல்றேன்."

நாலு பக்கம், நாலு தட்டு.

வியாழக்கிழமை மத்தியானம் கௌஸ் பாஷா பெட்டி முன்னால் உட்கார்ந்து யோசித்தார். மீதி ஐந்து. ஏழு குறைந்தால் உடைந்தது என்பார்கள். பன்னிரண்டும் இல்லாவிட்டால் திருடு போனது என்பார்கள். இந்த யோசனை முன்னமே வராமல் போனதற்காகத் தன்னை நொந்துகொண்டு சுத்தியலை எடுத்தார். மாலைக்குள் வாசலிலிருந்து கிணறு வரை பாதையோரத்தில் நீலக்கரை ஓடியது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அத்தா பாகூர் ஜாபர் அலி குடும்பத்தோடு வந்தார். மொத்தம் ஏழு பேர். ரசியாவை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பிரியாணி மணம் கூடம்வரை வந்தது.

"அம்சவள்ளி, அந்தத் தட்டுப் பெட்டியக் கொண்டா" என்றாள் மெஹர் நிஷா.

திறந்தார்கள். வைக்கோல் மட்டும் இருந்தது. மெஹர் நிஷா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"திருட்டு!" என்றார் கௌஸ் பாஷா, யாரும் கேட்பதற்கு முன்பே.

ஜாபர் அலி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வூட்டுக்குள்ள வந்து போறது யாரு?"

எல்லார் கண்ணும் அம்சவள்ளி மேல் போய் நின்றது.

"ஸ்டேஷன்ல நமக்கு ஆள் இருக்கு. ரெண்டு கேள்வி கேட்டா தானா சொல்லிடுவா" என்றார் ஜாபர் அலி.

அம்சவள்ளி பெட்டி மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு கௌஸ் பாஷாவைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். இப்படி ஒன்று நடக்கும் என்று கௌஸ் பாஷா கணக்குப் போடவே இல்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவ இல்ல, நான்தான்!" என்று கத்தினார். அல்வாவில் தொடங்கி நீலக்கரைவரை சம்பந்தியம்மா முன்னிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினார்.

ரசியா தலையைக் குனிந்துகொண்டாள். ஜாபர் அலிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மெஹர் நிஷா சிரிக்கவில்லை. ஆனால் கத்தவும் இல்லை. முகம் சிவந்து எழுந்தவள், புருஷனை நிமிர்ந்து பார்க்காமல், "போவுது வுடுங்க, தட்டுதான" என்று முணுமுணுத்துவிட்டு வாழை இலை அறுக்கப் போனாள்.

கௌஸ் பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா அம்சவள்ளி? பன்னெண்டு தட்ட ஒடச்சவன ஒரு வார்த்த கேக்கல. இன்னா மனசு அவளுக்கு!"

அம்சவள்ளி பெட்டியை மூடினாள்.

"பதினொண்ணுதான் பாய். மொதத் தட்டு மெஹரம்மா ஒடச்சது. பழி உங்க மேல வுழட்டும்னு மைதாப் பசையில ஒட்டி, அல்வா டின்னு மேல கவுத்து வெச்சோம்."