மூடிய கதவும் மாமா குத்திய முத்திரையும்

அசையாத கேமராவுக்கு அதிபதியான என் அருமை மருமகனுக்கு, மாமா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீ கொதித்துக்கொண்டிருப்பதாக உன் அம்மா சொன்னாள்.

இதெல்லாம் இப்படித்தான் ஆகுமென்று நான் அன்றைக்கே சொன்னவன். சின்ன வயதில் ஓடாத மின்விசிறியை நீ உட்கார்ந்து பார்ப்பாயே, அப்போதே உன் அம்மாவிடம், "அக்கா, இவன் ஒருநாள் படம் எடுப்பான், நான் அதைத் தட்டி ஓட வைப்பேன்" என்றேன். நடந்ததா இல்லையா?

மாமா மன்னிப்புக் கேட்காவிட்டால் அடுத்த படத்துக்கு வரவேண்டாம் என்றாயாம். கேட்கமாட்டேன். நான் மோட்டார் பழுதுபார்க்கிறவன். அசையாமல் நிற்கிற எதுவும் எனக்குப் பழுதுதான். உன் படத்தில் மூடிய கதவு ஒன்று வந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எனக்குப் பிடித்த இயக்குநர் படத்தில் நாயகன் கதவைத் திறக்கவே மாட்டான், உடைப்பான், கூடவே நாலு பேர் பறப்பார்கள். இங்கே ஒரு ஈ கூடப் பறக்கவில்லை. அரங்கமே கொந்தளித்தது, நாற்காலியெல்லாம் ஆட்டம் கண்டது, மானம் போகிறதே என்று நான் ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். "என்னப்பா, படம் சிக்கிருச்சு, பாத்துக்கிட்டு நிக்கிற?" "சார், அவங்க எடுத்ததே அப்படித்தான்." "எடுத்தவன் என் மருமவன்யா, கையை எடு!" ஒரு பட்டனை அமுக்கினேன். கதவு போய், பேருந்தில் ஒரு பெண் சிரித்தாள். அதைப் பார்த்த விமர்சகர் என்ன எழுதினார்? 'கதவிலிருந்து பேருந்துக்கு ஒரே வெட்டு, இயக்குநரின் தனி முத்திரை.' அந்த முத்திரையைக் குத்தியது யார் விரல், மருமகனே? "படமே அந்தக் கதவுக்காகத்தான் எடுத்தேன்" என்று நீ அழுதாயாம். போகட்டும், எனக்கு நன்றி சொல்ல உனக்கு வயது பத்தாது.

சளி பிடிக்காமல் இரு. நீ எடுப்பதெல்லாம் ஓடட்டும், ஓடாவிட்டால் சொல்லியனுப்பு.

இப்படிக்கு,
தலைவணங்காத தாய்மாமன்.

பின்குறிப்பு: அரங்கம் கொந்தளித்தது என்றேனே, அது நான் சேர்த்தது. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து சீட்டு அம்மா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால்தான் அதற்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. மன்னிப்பெல்லாம் கிடையாது. அந்தக் கதவை யாருடா திறந்தது?