ஜன்னலில் ஒரு முழங்கை

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் படம் பார்க்கவே தெரியவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையை எட்ட நீட்டி, தங்கள் மூஞ்சியைப் போனில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பின்னால் இருந்தது ரயில் என்ஜினா, ரொட்டி அடுப்பா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். இவர்கள் வைக்கிற கண்காட்சியில், படத்துக்கு அடியில் ஒட்டுகிற அட்டை மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

ஹாரன்காரர் அந்த அட்டையைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். 'டீசல் என்ஜின், பயணிகள் வண்டியுடன். ஜன்னலில் இருப்பவர்: பெயர் தெரியாத ஓட்டுநர்.'

"யாருக்குப் பேர் தெரியாது?" என்றார். கூடம் முழுக்கக் கேட்டது.

கண்காட்சியை நடத்துகிற பெண் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "என்ன தாத்தா?"

"இது என் கை."

படத்தில் முகம் எதுவும் இல்லை. என்ஜின் ஜன்னலில் ஒரு முழங்கை மட்டும் ஊன்றியிருந்தது. மணிக்கட்டில் ஏதோ மினுங்கியது. அதற்கு மேலே எல்லாம் இருட்டு.

"உங்க கைதான்னு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா இதாலதான் சோறு திங்கறேன், எனக்குத் தெரியாதா?"

அது ஸ்டேஷனின் பழைய டிக்கெட் கூடம். சுவர் நெடுக ஒரே என்ஜின்தான் மாட்டியிருந்தது. உருண்டை மூக்கு, நெற்றியில் ஒற்றை விளக்கு, விலாவில் பட்டைக் கோடு. ஒரு படத்தில் மழையில் நனைந்து நின்றது; ஒன்றில் பாலத்தின் மேல் போனது; ஒன்றில் பனிமூட்டத்துக்குள் பாதி கரைந்திருந்தது. உயரத்து ஜன்னல்களின் வழியே இறங்கிய வெயில், தூசியைச் சுமந்துகொண்டு படத்துக்குப் படம் தாவியது. வெயில் நகர நகர என்ஜினும் நகர்வது போலிருந்தது. ஹாரன்காரருக்கு உள்ளங்கால் லேசாக அதிர்ந்தது. டீசல் வாசம்கூட வந்தது. மனுஷர்களை அவர் நம்புவதில்லை. அந்த வாசத்தை நம்பினார்.

ஹாரன்காரர் என்பது அவருக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள் வைத்த பெயர். காரணம், அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு கதை. ஒரு மத்தியானம் எதிர்வண்டிக்காக இதே ஸ்டேஷனில் நின்றார்களாம். அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க அவரும் உதவி டிரைவரும் கீழே இறங்கினார்களாம். உள்ளே ஈ காக்காய் இல்லை. அப்போது என்ஜின் தானாக ஹாரன் அடித்து அவரைக் கூப்பிட்டதாம்.

"கன்னுக்குட்டி தாயைக் கூப்பிடுற மாதிரி இருந்தது" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். மாப்பிள்ளை மட்டும் மீசைக்குள் சிரிப்பார். அந்த மாப்பிள்ளைதான் சாயங்காலம் திறப்பு விழாவுக்கு வருகிறார். அட்டையில் பெயர் ஏறிவிட்டால், 'இந்த ஆள் நிஜமாகவே அந்த என்ஜினில் இருந்தவர்தான்' என்றாவது ஆகும். ஏறாவிட்டால் அந்த மீசையை இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது?

"என்னங்க, சாப்பிட்டுட்டு வந்து பேசுங்களேன்" என்றாள் மனைவி. ஓரத்து பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "காலையில இதை மறந்துட்டு வந்துட்டீங்க."

"நான் எதையும் மறக்கிற ஆள் இல்ல. வேணும்னுதான் வெச்சுட்டு வந்தேன்."

"அன்னைக்கும் மறக்கிற ஆள் இல்லைன்னுதான் சொன்னீங்க."

"என்னைக்கு?"

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"யாராவது சாட்சி சொன்னா அட்டையை மாத்திடறேன் தாத்தா" என்றாள் அந்தப் பெண்.

சாட்சிக்கா பஞ்சம்? போன் போட்டு டார்ச்சை வரவழைத்தார். டார்ச் அவருடைய பழைய உதவி டிரைவர். பட்டப்பகலிலும் சட்டைப்பையில் டார்ச் வைத்திருக்கிற ஆசாமி. வந்தவுடன் அதைப் படத்தில் அடித்துப் பார்த்தார். மூக்கைப் படத்தில் ஒட்டினார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது என் கை."

"உன் கையா? அந்த சீட்டுல நீ என்னைக்குடா உட்கார்ந்தே?"

"நீங்க தூங்குறப்ப எல்லாம் யாரு உட்கார்ந்தாங்களாம்?"

"நான் கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்!"

"குறட்டை விட்டு யோசிச்சீங்க."

"மணிக்கட்டைப் பாரு, மினுக்குது. கடிகாரம். என் கடிகாரம்."

"உங்க கடிகாரம் அப்போ ரிப்பேர் கடையில கிடந்துச்சு. என்கிட்டதான் தினமும் மணி கேட்பீங்க."

இரண்டு பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, உபயோகம் இல்லாமல் கிடந்த டிக்கெட் ஜன்னலின் விளிம்பில் முழங்கையை ஊன்றி நின்றார்கள். அந்தப் பெண் படத்தையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கு. ரெண்டும் படத்துல இருக்கறதை மாதிரி இல்ல."

"இவ்வளவூண்டு படத்துல என்ன தெரியும்? பெருசாக்கு!" என்றார் ஹாரன்காரர்.

அவள் கம்ப்யூட்டரில் பெரிசாக்கினாள். முழங்கை மாவு கொட்டியது போல் உதிர்ந்து, மேகமாகி, காற்றில் கலைந்தது. மினுங்கியது மட்டும் மிஞ்சியது. ஆனால் ஒரு மினுக்காக இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில கோடுகள்.

"கடிகாரத்துல இத்தனை கோடு எதுக்கு?" என்றாள் அவள்.

"செயின் வெச்சது" என்றார் ஹாரன்காரர்.

"என்னோடதும் செயின் வெச்சதுதான்" என்றார் டார்ச்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்னா உள்ளதை உள்ளபடி காட்டணும். இது என்ன புகையைக் காட்டுது? அன்னைக்கு எடுத்த மத்த படத்தை எல்லாம் கொண்டா. நான் நல்லாத் தெரியற மாதிரி ஒண்ணு கட்டாயம் இருக்கும்."

அவர் கேட்டிருக்கவே வேண்டாம். அதே பிலிம் சுருளில் மாட்டாமல் விட்ட படம் ஒன்று இருந்தது. அவள் அதைத் திரையில் கொண்டுவந்தாள். எல்லோரும் குனிந்தார்கள்.

வெள்ளை வெளேரென்ற மத்தியானம். பிளாட்பாரத்து டீக்கடை. ஆவி பறக்கும் கிளாசோடு ஹாரன்காரர், இளமையாக, கட்டுமஸ்தாக. பக்கத்தில் டார்ச், வாய் நிறைய பிஸ்கட்டோடு. இரண்டு பேரும் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பியிருந்தார்கள். பின்னால் அந்த என்ஜின் கனவில் வந்தது போல் நின்றது. அதன் ஜன்னலில், சாவகாசமாக, அதே முழங்கை.



"நீங்க நல்லாத் தெரியறீங்க தாத்தா" என்றாள் அவள்.

"எண்ணெய் சொட்டுதான்னு பார்க்கத்தான்..." என்று ஆரம்பித்தார் ஹாரன்காரர்.

"டீக்கடையிலயா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தாத்தா, இது பிரமாதம்! இந்தப் படத்தைத்தான் வாசல்ல மாட்டணும். உங்க பேரையும் போட்டுடறேன். 'ஓட்டுநர் கீழே டீ குடிக்கிறார். என்ஜினுக்குள் அடையாளம் தெரியாத ஒரு ஆள்.' சரிதானே?"

பெயர் வேண்டும் என்று கேட்டார், பெயர் வந்துவிட்டது. அதுவும் வாசலில், மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுகிற இடத்தில்.

"அதெல்லாம் வேணாம். பெயர் தெரியாத ஓட்டுநர்னே இருக்கட்டும்" என்றார் அவசரமாக.

"அண்ணே, ஒண்ணு சொல்லவா?" டார்ச் திரையின் மேல் வெளிச்சம் அடித்தார். "நம்ம கழுத்து ரெண்டும் திரும்பியிருக்கு பாருங்க. ஹாரன் அடிச்சப்ப எடுத்த படம் இது. அப்போ ஹாரனை அடிச்சது..."

"என்ஜின்."

"அந்தக் கை அண்ணே."

ஹாரன்காரர் திரையைப் பார்த்தபடியே நின்றார். வெயில் கடைசிப் படத்திலிருந்து நழுவித் தரைக்கு வந்திருந்தது. காதுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. ஓய்வு பெற்ற பிறகு சும்மா படுத்துக் கிடந்த மத்தியானங்களில் எல்லாம் அவரை எழுப்பி உட்கார வைத்த சத்தம். உலகத்தில் ஒன்றாவது தன்னை வேண்டும் என்று கூப்பிட்டதே என்று அவர் பிடித்து வைத்திருந்த சத்தம். அதை எவனோ ஒரு களவாணிப் பயல் விளையாட்டுக்கு இழுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எவன்டா அவன்?" என்றார்.

பெஞ்சில் இருந்தவள் எழுந்தாள். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்கு வந்தாள். விளிம்பில் முழங்கையை ஊன்றி, லேசாக வெளியே சாய்ந்து பார்த்தாள். வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து மணிக்கட்டில் வந்து நின்றன. அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். டார்ச், டார்ச்சை அணைத்தார்.

"சாப்பாட்டு டப்பாவை வைக்கத்தான் ஏறினேன். நீங்க டீக்கடையை விட்டு வர்ற மாதிரி தெரியல. சோறு ஆறுதேன்னு நான்தாங்க ஹாரனை இழுத்தேன்."

ஹாரன்காரர் அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"டப்பா சீட்டுல இருந்துச்சு" என்றார் ஹாரன்காரர் மெதுவாக. "நான் மறக்காமக் கொண்டு வந்துட்டேன்னு நினைச்சேன்... நான் ஏறினப்ப நீ அங்க இல்லையே?"

"நீங்க இந்தப் பக்கம் ஏறினீங்க. நான் அந்தப் பக்கம் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"அப்போ சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும். அப்புறம் சொல்லியிருந்தா உங்க கதை போயிருக்கும்."

அந்தப் பெண் புது அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். "பாட்டி, உங்க பேரு எப்படி எழுதணும்?"

ஹாரன்காரர் மனைவி கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டார். வாசலைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று, சுவரில் இருந்த உருண்டை மூக்கை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஹாரன் எவ்வளவு உசரத்துல இருக்கும்னு எனக்குத் தெரியும். இவளுக்கு எட்டவே எட்டாது" என்றார், யாரிடமும் இல்லாமல். "வேணும்னா இவ கை வெச்சிருப்பா. கூப்பிட்டது அதுதான்."

சொல்லிவிட்டு, பின்னால் கேட்ட சிரிப்பைச் சட்டை செய்யாமல், டப்பாவைத் திறந்தபடியே வெயிலுக்குள் இறங்கிப் போனார்.