முழங்கைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஆனையூர், மதுரை
12-6-1979

டெல்லியில் இங்கிலீஷ் பேப்பர் நடத்தும் மகா கனம் பொருந்திய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தங்களிடம் அரசியல் நிருபராக இருக்கும் முத்திருளனைப் பெற்ற நல்லகாமன் கும்பிட்டு எழுதுவது. இங்கு மழை இல்லை, மற்றபடி சுகம். தங்களுக்குத் தமிழ் தெரியாதாம். அந்தப் பயலையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் முழித்தான் என்றால் எதையோ விட்டுவிட்டு வாசிக்கிறான் என்று அர்த்தம்.

ஐயா, எட்டு வருசமாக உங்கள் பேப்பரில் எழுதுகிறான், ஒருநாளாவது அவன் பேரைப் போட்டீர்களா? ‘நமது சிறப்பு நிருபர்’ என்றே போடுகிறீர்கள். அச்சடிக்கிறவர் பேர் கடைசிப் பக்கத்து அடியில் தினமும் வருகிறது, மந்திரி கொட்டாவி விட்டாலும் பேர் வருகிறது, எழுதினவன் என்ன பாவம் செய்தான்? முப்பத்திரண்டு வயசாகிறது. ஐந்து இடம் தட்டிப்போய், ஆறாவதாக நாகமலை புதுக்கோட்டை பேயாண்டி மகள் தங்கப்பொண்ணு அமைந்தாள். “மாப்பிள்ளை எழுதினதைக் காட்டுங்க” என்றார் பேயாண்டி. சிம்மக்கல்லில் இரண்டு நாள் பழைய பேப்பரை வாங்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் ஊரில் கட்டாத தண்ணீர்த் தொட்டிக்குத் திறப்பு விழா நடத்திய கதை அதில் இருந்தது. நான் கடுதாசியில் எழுதி, அவன் பேப்பரில் ஏற்றியது. அங்கே இங்கிலீஷ் தெரிந்த யுனிவர்சிட்டி கிளார்க் ஒருத்தர் வாசித்துவிட்டு, “முத்திருளன்னு எங்கயுமே இல்லையே” என்று கையை விரித்துவிட்டார். சரி என்று அதே பேப்பர் போட்டோவைக் காட்டினேன். மந்திரி பேட்டி குடுக்க, சுத்தி நிக்கிற கூட்டத்துல நோட்டுப் பிடிச்ச முழங்கை அவனுது. பம்புசெட் பெல்ட் இழுத்த தழும்பு தெளிவா இருக்கு, பெத்தவனுக்குத் தெரியாதா? பேயாண்டி வெத்தலையைத் துப்பிட்டு, “அண்ணே, முழங்கைக்கு எப்படிண்ணே பொண்ணு குடுக்குறது?”ன்னு கேட்டுட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்கய்யா. ஒரே ஒரு நாள், அந்தத் தொட்டிச் செய்தியை மறுபடி போட்டு, மேல அவன் பேரை இனிஷியலோட பெரிய எழுத்துல போடுங்க.

உங்க பிள்ளைகுட்டிகளுக்கும், அந்த அச்சடிக்கிறவருக்கும் சேர்த்து, எங்க குலசாமி ஒரு குறையும் வைக்காது.

இப்படிக்கு,
பேர் போட வெட்கப்படாத
நல்லகாமன்

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள ஜீப்புல நாலு பேரு வந்துட்டாங்க, தொட்டி காண்ட்ராக்டர் ஆளுக. “டெல்லி பேப்பர்ல எழுதுனது ஒம் மகனா?”ன்னு கேட்டாங்க. “அவனுக்கு எழுத்தே வராதுப்பா, அங்க பொரோட்டாக் கடை வச்சிருக்கான்”னு துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் பண்ணிட்டேன். சாதகத்தைத் திருப்பிக் குடுக்க வந்த பேயாண்டி வாசல்ல நின்னு அம்புட்டையும் கேட்டுட்டாரு. ஜீப்பு போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “சொந்தக் கடையா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே!”ங்குறாரு. ஆவணியில கல்யாணம். மேல எழுதுனதை மறந்துருங்க, அவன் பேரைக் கனவுலயும் போட்டுறாதீங்க. லீவு குடுக்குறதுக்கு முன்னாடி பொரோட்டா வீசக் கத்துக்குடுத்து அனுப்புங்க. முழங்கை பலமான பய, சீக்கிரம் பிடிச்சுக்குவான்.