மணமகள் அறையிலிருந்து பேசியவன்

காதலைச் சொல்லத் தைரியமில்லாதவர்கள் கடிதம் எழுதுவார்கள், இல்லையென்றால் நண்பனைத் தூது விடுவார்கள். நான் அதற்குக்கூட லாயக்கில்லாதவன். எனக்கு ஒரு உலகக் குறும்பட விழாவே தேவைப்பட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். பத்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அனந்தபுரம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற தமிழ் ஜெயின் குடும்பம், தினமும் பஸ்சில் வந்து போவாள். கேள்வித்தாளை நாற்பது பிரதி எடுக்கிற நேரம்தான் எங்கள் பேச்சு. (அடிக்கடி மெஷினில் பேப்பர் சிக்கிக்கொள்ளும். பாதி சமயம் அதற்கு மெஷின் காரணமில்லை.) பேச்சு பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களைப் பற்றித்தான் இருக்கும். அவளுக்கு அதில் பைத்தியம். அதனால் எனக்கும்.

ஒருநாள் பிரதிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அடுத்த மாசத்துலேர்ந்து வர மாட்டேங்க. சென்னையில ஒரு ஸ்கூல்ல வேலை கெடைச்சிருக்கு."

"நல்லதுங்க" என்றேன். அன்றைக்கு மெஷினில் பேப்பர் நிஜமாகவே சிக்கியது.

அப்போது நானும் நண்பன் ஏழுமலையும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிடுவோம். சென்னை நண்பர் ஒருவர் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய வெளிநாட்டுக் குறும்படங்கள் கொடுத்திருந்தார். உணவு, குழந்தைகள், எல்லை, காத்திருப்பு என்று தலைப்புவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். காத்திருப்பைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது (எப்போதாவது செய்யும்). ஒரு ஞாயிற்றுக்கிழமை குறும்பட விழா என்று கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். ஜெயின் வழக்கப்படி பத்மா வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், அவள் நாலு மணி பஸ்சைப் பிடித்தாக வேண்டும். ஆகவே காத்திருப்பை முதல் நிகழ்ச்சியாக மதியம் இரண்டு மணிக்குப் போட்டேன். குழுவினரிடம் வேறு ஏதோ காரணம் சொன்னேன்.

படங்களுக்குக் கீழே இங்கிலீஷ் வசனம் ஓடும். நம் ஜனங்களுக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. அதனால் வசனங்களைத் தமிழில் எழுதி, படம் ஓடும்போதே மைக்கில் நான் வாசிப்பதாக ஏற்பாடு. காத்திருப்பில் நாலு படங்கள், எல்லாமே பத்துப் பன்னிரண்டு நிமிஷம். முதலாவதில் பனி ஊர் ஒன்றில் சாகக் கிடக்கும் அப்பாவோடு இரண்டு மகன்கள். இரண்டாவதில் மாவு உப்புவதற்காகக் காத்திருக்கும் ரொட்டிக்காரி. மூன்றாவதில் ரயில் நிலையத்தில் பிரியப்போகும் ஒரு ஆணும் பெண்ணும். நாலாவதில் சினை ஆடு குட்டி போடுவதற்காகக் காத்திருக்கும் இடையன்.

மூன்றாவது படத்தில்தான் என் வேலையைக் காட்டினேன். ரயில் வரும்போது அந்த ஆள் சொல்கிற வசனங்களோடு, படத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன். "நீ போயிட்டா இந்த ஊர்ல எனக்கு என்ன வேலை?" இதைக் குரல் நடுங்கச் சொல்ல வேண்டும், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுக்குச் சுருக்கென்று புரிய வேண்டும், படம் முடிந்ததும் என்னிடம் வந்து ஏதாவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம். கண்ணாடி முன்னால் முப்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

மண்டபத்தில் மைக்கைப் போட்டதும் அது கூவென்று ஊளையிட்டது. மைக் செட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாங்க இது பேஜாரா கீது. ஸ்பீக்கருக்கு எதிர்ல நீங்க உக்காந்தா கத்திக்கினேதான் இருக்கும். உள்ள ரூமுக்குப் போயிடுங்க."

உள்ளே இருந்தது மணமகள் அறை. ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அங்கிருந்து திரை தெரியாது. ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் ஏழுமலை மிஸ்டு கால் கொடுப்பான், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷக் கணக்குப்படி வாசிக்க வேண்டும்.

இதற்கிடையில் வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். மண்டப மேனேஜர் முதல் படத்தை லேப்டாப்பில் எட்டிப் பார்த்துவிட்டு ஏழுமலையைப் பிடித்துக்கொண்டாராம். "வெள்ளிக்கெழம இங்க முகூர்த்தம் இருக்குது. மண்டபத்துல மொதல்ல சாவையா காட்டுவீங்க? மங்களகரமா எதனா போட்டு ஆரம்பிங்க. அந்தப் பெரியவரைக் கடைசில வெச்சுக்கோங்க."

ஏழுமலை பெரியவரைத் தூக்கிக் கடைசியில் வைத்தான். மற்ற மூன்றும் ஒரு இடம் முன்னால் வந்தன. என்னிடம் சொல்ல மறந்துவிட்டான்.

முதல் மிஸ்டு கால் வந்தது. கனத்த குரலில் சாவு வீட்டு வசனத்தை வாசித்தேன். திரையில் ரொட்டிக்காரி. "எல்லாம் முடிஞ்சுபோச்சு, முகத்தை மூடிடுங்க" என்று நான் விம்ம, அவள் மாவின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தியிருக்கிறாள். கூட்டம் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜனங்களுக்குத் துக்கத்தின் அருமை தெரியவில்லை என்று வருத்தப்பட்டேன்.

அடுத்தது ரயில் நிலையம். அந்த ஆள் அவளுடைய கன்னத்தை வருடுகிறான். நான் உள்ளேயிருந்து, "இன்னும் உப்பலை, அரை மணி கழிச்சு மறுபடியும் பெசையணும்" என்கிறேன்.

மூன்றாவது மிஸ்டு கால். என் வரி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஆறு மாத ஏக்கத்தையும் கொட்டிச் சொன்னேன். "நீ போயிட்டா இந்த ஊர்ல எனக்கு என்ன வேலை?" திரையில் இடையன் சினை ஆட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடு நிமிர்ந்து அவனைப் பார்த்து, "ம்மே" என்றது.

மண்டபமே இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். கைதட்டல் என்று நினைத்தேன்.

கடைசிப் படத்தைச் சொல்லவே கூசுகிறது. பெரியவர் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார். "பயப்படாத, வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்று தைரியம் சொன்னேன். அவர் தலை சாய்ந்தது. இரண்டு பக்கமும் மகன்கள் மண்டியிட, "ரெட்டைக் குட்டி, ரெண்டும் நல்லாகீது" என்று அறிவித்தேன்.

வெளியே வந்தபோது ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் பூரித்துப்போனேன். ஒரு பெரியவர் என் கையைக் குலுக்கி, "வயிறு புண்ணாயிடுச்சுப்பா" என்றார்.

"ஏண்டா நிறுத்தல?" என்று, நடந்ததைச் சொன்ன ஏழுமலையின் சட்டையைப் பிடித்தேன்.

"ஜனங்க சந்தோஷமா இருந்தாங்கடா. எப்பிடிறா நிறுத்தறது?"

பத்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். "இப்டி சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க" என்றாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆடு படம்..." என்று ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுடுங்க, எல்லாம் மாறிப்போச்சு" என்றேன். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்தால் போதும் என்றிருந்தது.

"சரிங்க, பஸ்சுக்கு நேரமாச்சு. வர்றேன்" என்று போய்விட்டாள்.

என் வரி ஆட்டுக்கே போய்ச் சேர்ந்தது என்று முடிவுகட்டிவிட்டேன். அவளும் சென்னைக்குப் போனாள். எனக்கும் கல்யாணமானது. ஏழுமலை கல்யாணப் பந்தியிலேயே இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள் விழுப்புரத்தில் உள்ள தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், "நான் போயிட்டா இந்த ஊர்ல உங்களுக்கு என்ன வேலை?" என்பாள். எங்கள் பெண் உடனே "ம்மே" என்பாள். அந்த வரி அந்தப் படத்தினுடையது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வருஷம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பத்மாவைப் பார்த்தேன். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. செஞ்சி பஸ்சுக்காக நின்றாள். குடும்பம், குழந்தைகள் எல்லாம் விசாரித்தோம். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"ஸ்டேஷன் படத்துல கீழ ஓடுன இங்கிலீஷை நான் படிச்சேங்க. அந்த ஆள் பேசனதைத்தான் அடுத்த படத்துல ஆட்டுகிட்ட நீங்க வாசிச்சீங்க. அதுல ஒரு வரி மட்டும் இங்கிலீஷ்ல இல்ல. அது உங்களுதுதானே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அன்னிக்கே தெரியுங்க. மைக் இல்லாம ஒரு தரம் சொல்வீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேன். ஊருக்குப் போற அன்னிக்குக்கூட உங்க கடைக்கு வந்தேன். நாப்பது காப்பி எடுத்துக் குடுத்துட்டு நல்லபடியா போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டீங்க."

செஞ்சி பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அவள் நகராமல் நின்றாள். சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது.

"ஜல்தியா ஏறுங்க, சீட்டு போயிடும்" என்றேன்.

அவள் ஏறிக்கொண்டாள்.