ஓராள் பள்ளி

எங்கள் கரையில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. வீடு பெண்பிள்ளைக்காகக் கட்டப்படுவது. மாப்பிள்ளை போய் அங்கே குடியேறுவான். (சண்டை வந்தால் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுவதும் அவன்தான்.) கலியாணம் முடிக்காத ஒருவன் முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பினால் அவனை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. எண்பதாம் ஆண்டு வாக்கில் அப்படித் திரும்பி வந்தவன் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, புத்தளத்து உப்பளம், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை, கற்பிட்டியில் மீன்வாடி என்று அலைந்திருந்தேன். கற்பிட்டியில் மட்டும் பத்து வருடம். வரும்போது கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தொழுகைப் பாயும் இருந்தன. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகி அடக்கமாகியிருந்தார்கள். சாய்ந்தமருதில் நான் பிறந்த வீடு என் மூத்த சகோதரியான ராத்தாவின் சீதன வீடாகியிருந்தது. சூறாவளியில் கூரை பறந்து, பிறகு கிடுகு வேய்ந்த, சமையல் நின்றுபோன பழைய குசினி ஒன்று பின்வளவில் நின்றது. ராத்தா அதைக் காட்டினாள்.

"இதில இரி தம்பி. ஒன்னப் போகச் சொல்லி ஆரும் சொல்ல மாட்டாங்க."

(நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனாலும் முதல் நாளே போவதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதே.)

பள்ளிவாசலுக்குப் போனால் தொழுகை முடிந்த கையோடு கேள்வி தொடங்கும். "எப்ப வந்த?" "எப்ப போற?" "இன்னம் முடிக்கல்லயா?" மூன்றாவது கேள்விக்குப் பயந்தே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் போய், கடைசி வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடினேன். மற்ற நாட்களில் தொழ எனக்கென்று ஓரிடம் வேண்டும் என்று தோன்றியது. ஊரில் எனக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. ஒரு பாய் அகலமாவது இருக்கட்டுமே.

குசினியின் மூலையில் சீமெந்தால் ஒரு மேடை போட்டேன். ஓர் ஆள் நிற்க, குனிய, நெற்றி நிலம்பட சஜதா செய்ய அளவான மேடை. பள்ளியில் இமாம் நிற்கும் இடத்தைப் போல முன்சுவரில் வளைவாக ஒரு சின்ன மாடம் குடைந்து சுண்ணாம்பு பூசினேன். மருதமுனைச் சாரன் ஒன்றைக் கிழித்துத் திரை போட்டேன். மாலையானால் சாம்பிராணி. திரைக்கு உள்ளே யாரும் வரக் கூடாது என்பது என் கட்டளை. கூட்ட வந்த ராத்தாவைக்கூட விடவில்லை. கடல் இரைவதைக் கேட்டபடி அங்கே உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுவேன். சில நாட்களில் அல்லாஹ்விடம் சத்தமாகவே கதைப்பேன். அன்று முழுவதும் நான் கதைத்தது அது மட்டுமாகத்தான் இருக்கும்.

ஐந்து மாதம் இப்படிப் போன பிறகு, ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சான் ஒரு கலியாணப் பேச்சைக் கொண்டுவந்தார். ஒலுவிலில் முப்பது வயதுப் பெண். அவளுடைய வாப்பா கொஞ்சம் வயல் செய்பவர்.

"படிப்பு வேணாமாம். தொழிலப் பொறகு பாத்துக்கலாமாம். தொழுற ஆளா இரிந்தாக் காணுமாம். அந்தப் புள்ளயே சொன்னதாம்."

உலகத்தில் ஒருத்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அது என்னிடம் சீமெந்து போட்டு உறுதியாக இருந்தது!

பெண்ணின் வாப்பாவும் அவளுடைய மாமாவும் ஒரு பின்னேரம் வந்தார்கள். தேத்தண்ணியும் பலகாரமும் முடியும்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. வாப்பா எழும்பினார். "பள்ளிக்குப் போயிட்டு வருவமா?"

மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. "பள்ளி எங்க ஓடப் போகுது? மச்சினன்ட தொழுற இடத்த முதல்ல வந்து பாருங்க."

நானே திரையை விலக்கினேன். (விலக்கிய விதத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.) இரண்டு பேரும் மேடையைப் பார்த்தார்கள். மாடத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மனே," என்றார் வாப்பா மெதுவாக, "எந்தப் பக்கம் பாத்துத் தொழுறீங்க?"

"அந்த மாடத்தப் பாத்து."

"அதுக்கு அங்கால என்ன இரிக்கி?"

"கடல்."

"கடலுக்கு அங்கால?"

"மக்கா," என்றேன், பரீட்சையில் முதல் தடவையாக விடை தெரிந்தவனைப் போல.

மாமா தாடியைத் தடவினார். "ஓம், வரும். உலகத்தச் சுத்திப் போனா வரும்."

மக்கா நமக்கு மேற்கே. கற்பிட்டியில் கடலும் மேற்கே. அங்கே பத்து வருடம் கடலைப் பார்த்துத் தொழுத உடம்பு, ஊருக்கு வந்தும் இரைச்சல் கேட்ட பக்கம் மேடை போட்டுவிட்டது. எங்கள் ஊரில் கடல் கிழக்கே. அந்தக் கடலிலிருந்து தினமும் சூரியன் எழும்பியதைக் கண்டவன்தான் நான். (கண்டேன், யோசிக்கவில்லை.) ஜும்ஆவில் திசை தெரியவில்லையா என்று கேட்பீர்கள். கடைசி வரிசையில் நிற்பவன் பார்ப்பது முன்னால் நிற்பவனின் முதுகைத்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "அல்லாவே! அஞ்சு மாசமா கஃபாக்கு முதுகக் காட்டியிரிக்கானே!"

எல்லோரும் பள்ளிக்கே போனோம். அன்று என்னை முன்வரிசையில், தங்கள் இருவருக்கும் நடுவே நிறுத்திக்கொண்டார்கள். தனியே விட்டால் திரும்பி நின்றுவிடுவேன் என்று பயந்தார்களோ என்னவோ.

மூன்றாம் நாள் மச்சான் பதிலோடு வந்தார். "ஆள் நல்லவர்தானாம். ஆனா கிழக்கு மேற்குத் தெரியாத ஆள் கடைக்குப் போனா, என்ட மகள்ற ஊட்டுக்குத் திரும்பி வந்து சேருவாரா எண்டு வாப்பா கேட்டாராம்."

"புள்ள என்ன சொன்னதாம்?"

மச்சான் தயங்கினார். "சிரிச்சதாம்."

எப்படிச் சிரித்திருப்பாள் என்று நெடுங்காலம் யோசித்திருக்கிறேன்.

அலவாங்கை எடுத்து மேடையை நானே உடைத்தேன். பிழையாகத் தொழுத ஐந்து மாதத் தொழுகையையும் திரும்பத் தொழுதேன். அந்த வருடம் சாய்ந்தமருதில் என்னைவிட அதிகம் தொழுதவன் இருந்திருக்க மாட்டான். பிறகு வேறு பேச்சு வரவில்லை. நானும் திரும்பவும் ஊர் ஊராகப் போனேன், வந்தேன்.

வரும்போதெல்லாம், நான் தொழ எழும்பினால் ராத்தா வந்து இரண்டு தோளையும் பிடித்துத் திருப்புவாள். "இஞ்சாலடா தம்பி, மக்கா இஞ்சால." வீடு முழுக்கச் சிரிக்கும். ராத்தா மௌத்தான பிறகு அந்த வேலையை அவள் மகள் எடுத்துக்கொண்டாள். நான் சரியாக நின்றிருந்தால் பேசாமல் போய்விடுவாள்.

அதனால் அந்த வீட்டில் நான் எப்போதும் கொஞ்சம் கோணலாகவே நிற்கிறேன்.